கொடைக்கானல் டேலியாவைப் பெட்டியில் கொண்டுவரலாமா?

மே மாதம் தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் நிறைய. பழனியில் முருகனைப் பார்த்த கையோடு மலையேறிக் கொடைக்கானல் போய்விடுவார்கள். ஏரியை ஒட்டியே பிரையண்ட் பூங்கா, அங்கேதான் மலர்க் கண்காட்சி. போனவர்கள் வெறும் கையோடு திரும்புவதில்லை.

என் சின்னம்மாவும் அப்படித்தான். இரண்டு டேலியா கிழங்கை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பட்டுச்சேலை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் எக்ஸ்ரே பார்த்த அதிகாரி "ஆச்சி, பெட்டியைத் திறங்க" என்றார். கிழங்கில் ஒட்டியிருந்த செம்மண் சேலையிலும் அப்பியிருந்தது. கிழங்கை எடுத்துக்கொண்டு, எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். சின்னம்மாவுக்கு இன்றும் கோபம்: "ரெண்டே ரெண்டு கிழங்குதானே தம்பி!"

சட்டத்தில் அளவுக்குச் சலுகை கிடையாது. தண்டு, வேர், கிழங்கு, இலை, பூ, விதை எல்லாமே செடிதான். அதைக் கொண்டுவர இரண்டு தாள் வேண்டும். முதலாவது இறக்குமதி பெர்மிட். மாக்கிஸ் என்று நாம் சொல்லும் மலேசியத் தனிமைப்படுத்தல், பரிசோதனைச் சேவைச் சட்டப்படி தரப்படுவது. பயணத்துக்கு முன்பே இணையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிட வேண்டும். வந்து இறங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை. என்ன மருந்து போட வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனைகள் அதிலேயே இருக்கும். இரண்டாவது, செடி கிளம்பும் நாடு தரும் ஃபைட்டோசானிட்டரி சான்றிதழ். செடிக்கு மெடிக்கல் செக்கப் மாதிரி. சென்னையில் மீனம்பாக்கத்தில் இதற்கென்றே ஒரு செடித் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிறது. நாற்றுக்கடை பில் இதற்கு ஈடாகாது. மண் விஷயத்தில் இன்னும் கெடுபிடி. தனி அனுமதி இல்லாமல் ஒரு பிடிகூட வரக்கூடாது.

பெர்மிட் இல்லாமல் கொண்டுவந்தால் 2011-ஆம் ஆண்டு மாக்கிஸ் சட்டப்படி 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 6 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. சின்னம்மா தப்பித்தது அதிர்ஷ்டம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? பால்மரத்தோடு, அதாவது ரப்பர் மரத்தோடு, வளர்ந்த நமக்கு இது சுலபமாகப் புரியும். தென் அமெரிக்காவில் ரப்பர் இலையைத் தாக்கும் ஒரு பூஞ்சண நோய் உண்டு. 1928-இல் பிரேசில் காட்டில் கார் தயாரிப்பாளர் ஹென்றி ஃபோர்ட் பிரம்மாண்டமாக ரப்பர்த் தோட்டம் போட ஆரம்பித்தார். மரங்களை நெருக்கி நட்டதில் நோய் இலைக்கு இலை தாவியது. 1945-இல் தோட்டத்தைப் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டு வெளியேறினார்கள். நம் ரப்பருக்கும் பூர்வீகம் அதே காடுதான். 1877-இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகளில் ஒன்று, மாவட்ட அலுவலகத்துக்கு அருகே இன்னும் மரமாக நிற்கிறது. அந்த நோய் மட்டும் இங்கே வந்து சேரவில்லை. வந்திருந்தால் நம் தாத்தா பாட்டிக்குப் பால்வெட்டே இருந்திருக்காது. கொடைக்கானல் கிழங்கில் அந்த நோய் இருக்காது, சரி. ஆனால் வேரைத் துளைக்கும் நூற்புழு கண்ணுக்குத் தெரியாது. ஒட்டிய மண்ணோடு சத்தமில்லாமல் வந்துவிடும்.

விதைப் பாக்கெட்டுக்கும் இதே கதைதான். ஆன்லைனில் ஆர்டர் போட்டுத் தபாலில் வரவழைத்தாலும் விதி மாறாது. எதையாவது பெட்டியில் போட்டுவிட்டீர்கள் என்றால், இறங்கியதும் தனிமைப்படுத்தல் அதிகாரிகளிடம் நீங்களே போய்க் காட்டிவிடுங்கள். செடி பறிபோகலாம். ஒளித்துவைத்துப் பிடிபடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம், ஏழாயிரம் அடி உயரக் குளிரில் பூத்த டேலியா நம் ஊர் வெயிலில் எத்தனை நாள் தாங்கும்? ஆசை விடவில்லை என்றால் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறுங்கள். அங்கே வாங்கும் பூந்தொட்டியைப் பேராக்கிற்குக் கொண்டுவர இறக்குமதி பெர்மிட் எதுவும் தேவையில்லை. சபா, சரவாக் உறவினருக்கு அனுப்புவதானால் மட்டும் முதலில் விசாரியுங்கள். அங்கே விதி வேறு.