முன்கண்ணாடி மாற்றியபின் விசில் கேட்டால் சிலிகான் பூசாதீர்கள்

ஆடி பிறந்துவிட்டால் என் பட்டறைக்கு ஒரே குறையோடு கார்கள் வரத் தொடங்கும். திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரிப் பக்கம் போய்வந்தவர்களின் கார்கள். நாங்குநேரி வரை ஒன்றும் தெரியவில்லை, வள்ளியூர் தாண்டியதும் வலது காதோரம் யாரோ விசில் ஊதுவது போல் இருக்கிறது என்பார்கள். முன்கண்ணாடி மாற்றி எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்பேன். மூன்று மாதம், ஐந்து மாதம் என்று பதில் வரும். பணகுடி, காவல்கிணறு வட்டாரத்தில் மேற்கே மலை இடைவெளி வழியாக இறங்குவது காற்றாலைகளைச் சுழற்றும் காற்று. தெற்கு நோக்கிப் போகும் காரின் வலது பக்கத்தில் அது அறைகிறது. ஊருக்குள் ஓடும்போது வாய் மூடிக்கிடந்த சின்ன இடைவெளி அங்கேதான் ஊதத் தொடங்குகிறது. திரும்பி வரும்போது சத்தம் இல்லை என்றால், கோளாறு வலது பக்கத்தில் இருக்கிறது என்று பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இதெல்லாம் எனக்குப் பழகிய விஷயம். எழுத உட்காரவைத்தது போன வாரம் வந்த ஒரு கார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. லாரி டயரில் தெறித்த கல் பட்டு, வேறோர் ஊரில் முன்கண்ணாடி மாற்றியிருக்கிறார். இரண்டாம் நாளே விசில். திரும்பக் கொண்டுபோனார், ஓரத்தில் இடுக்கு அடைக்கும் சிலிகான் பூசி அனுப்பினார்கள். இரண்டு வாரம் அடங்கியிருந்தது. மறுபடி சத்தம், மறுபடி சிலிகான். மூன்றாம் முறை கருப்பு நிறத்தில் பூசினார்கள், வெளியே தெரியாது என்று. என்னிடம் அவர் விசிலுக்காக வரவில்லை. "தம்பி, மழை பெய்தால் கால் வைக்கும் இடத்தில் மேட் நனைகிறது, ஏசி தண்ணீரா என்று பாருங்கள்" என்றுதான் கேட்டார்.

கண்ணாடி ஓரத்தைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையை, அதாவது பீடிங்கை, கத்தி நுனியால் நெம்பினேன். மேலே கருப்புத் தோல், அதன் கீழே வெள்ளை, அதற்கும் கீழே நிறமில்லாத ஒன்று. மூன்றையும் உரித்து எடுத்தபின் வலது மேல் மூலை தெரிந்தது. அங்கே கண்ணாடியைக் காரோடு ஒட்டும் பசையே இல்லை. சுண்டுவிரல் அகலத்துக்கு வெற்றிடம். ஒரு பசை டியூப் தீர்ந்து அடுத்ததைப் பசைத் துப்பாக்கியில் மாட்டிய இடம் அது என்பது பார்த்தவுடன் புரிந்தது. முடிந்த பசை வரியின் நுனியும் தொடங்கிய வரியின் நுனியும் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிரே நின்றன. கண்ணாடியை இறக்கும் முன் ஒரு கணம் குனிந்து பார்த்திருந்தால், விரல் நீளத்துக்குப் பசை வைத்து முடித்திருக்கலாம். அதற்குப் பதிலாக ஐந்து மாதம் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கண்ணாடி உட்காரும் தகட்டு விளிம்பில் பெயின்ட் பொரிந்து, விரலால் தேய்த்தால் துரு பொடியாக உதிர்ந்தது.

சிலிகான் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. குளியலறைத் தொட்டி ஓரத்தில் அது நன்றாக வேலை செய்யும். ஜன்னல் சட்டத்தில் வேலை செய்யும். அங்கே பார்த்த பழக்கத்தில்தான், ஓட்டை இருந்தால் சிலிகான் வைத்து அடைத்துவிடலாம் என்று நினைக்கிறோம். காரின் முன்கண்ணாடி ஜன்னல் அல்ல. இதை வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது, ஆகவே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

அம்பாசடர் காலத்தில் முன்கண்ணாடி ஒரு தடித்த ரப்பர் சட்டத்துக்குள் செருகி நின்றது. இன்றைய கார்களில் அது பாலியூரித்தேன் பசையால் உடலோடு ஒட்டப்படுகிறது. பி.யூ. என்று நாங்கள் சொல்வது அதைத்தான். ஒட்டியபின் அந்தக் கண்ணாடி காரின் எலும்புக்கூட்டில் ஒரு பகுதி. கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. பல கார்களில் முன்னிருக்கைப் பயணியின் காற்றுப்பை விரியும்போது கண்ணாடியில் மோதி, அதையே முட்டாகக் கொண்டு ஆள் பக்கம் திரும்புகிறது. பசை சரியாகப் பிடிக்காத கண்ணாடி அந்த உதையில் வெளியே பெயர்ந்துவிட்டால் காற்றுப்பைக்கு முட்டு இல்லை. விசில் என்று உங்களுக்குக் கேட்பது, அந்தப் பசையில் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்பதற்கான தகவலாக இருக்கலாம். சிலிகான் அந்தத் தகவலின் வாயைப் பொத்துகிறது. பிடிமானத்தைக் கூட்டுவதில்லை.

அதைவிட மோசமானது அடுத்து வருகிறது. சிலிகான் ஒரு முறை பட்ட இடத்தில் பி.யூ. ஒட்டாது. பெயின்ட் ஒட்டாது. காய்ந்த பழைய சிலிகான் மேல் புதிய சிலிகானே சரியாக ஒட்டாது. அதனால்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பூசவேண்டி வருகிறது. பிறகு யாராவது முறையாகச் சரிசெய்ய நினைத்தால், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் போல் படிந்திருக்கும் அதைக் கடைசி இழை வரை எடுக்க வேண்டும். அந்த ஆசிரியரின் காரில் கண்ணாடி பொருத்தும் வேலையைவிட இந்தச் சுத்தம் செய்யும் வேலைதான் அதிக நேரம் தின்றது. இன்னொன்று, காயும்போது வினிகர் மாதிரி நெடி அடிக்கும் சிலிகான் வகை இருக்கிறதே, அதிலிருந்து வெளியாவது அசிட்டிக் அமிலம். பெயின்ட் கீறிப்போன தகட்டில் அதைப் பூசினால் துருவுக்குத் தூபம் போட்டது போலத்தான்.

சரி, சத்தம் கேட்கிறது, என்ன செய்வது? முதலில் பதற வேண்டாம். கண்ணாடி மாற்றியபின் கேட்கும் எல்லாச் சத்தமும் பசையிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் அதைவிட எளிய இடங்களில்தான் காரணம் இருக்கிறது. பழைய பீடிங்கையே திரும்ப மாட்டியிருப்பார்கள், அது சுருங்கி ஓரம் தூக்கிக்கொண்டு படபடக்கும். வைப்பருக்குக் கீழே இருக்கும் கருப்பு பிளாஸ்டிக் மூடியில் ஒரு கிளிப் உடைந்திருக்கும். கண்ணாடி ஒரு பக்கம் சற்று உயரமாக உட்கார்ந்திருக்கும். கூரையிலிருந்து கண்ணாடிக்கு விரலை நீவிப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே படியாக இருக்கிறதா என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களே அடிக்கடி கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: கதவு ரப்பர். கண்ணாடியை வெட்டி எடுப்பதற்கு முன்னால், அதன் பக்கத்தில் நிற்கும் தூணின் உட்புறப் பிளாஸ்டிக்கைக் கழற்றுவோம். அதற்காகக் கதவுச் சட்டத்தின் ரப்பரை அரை அடி உருவிவிடுவோம். வேலை முடிந்து அவசரத்தில் அதைச் சரியாக அமுக்காமல் விட்டால், கதவு மூடியதும் ரப்பரின் உதடு மடங்கிக்கொள்ளும். சத்தம் கண்ணாடி மூலையிலிருந்து வருவது போலவே கேட்கும். ஒரு துண்டுத் தாளைக் கதவு இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் உருவி வந்தால் அங்கே ரப்பர் அழுந்தவில்லை. ரப்பரைச் சரியாக உட்கார வைத்தால் சத்தம் போய்விடும். இதற்காக நல்ல கண்ணாடியை வெட்டி எடுத்த கதையும் எனக்குத் தெரியும்.

எங்கே என்று கண்டுபிடிக்க மாஸ்கிங் டேப் போதும். பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப். கண்ணாடியின் நான்கு ஓரங்களையும் பீடிங்கோடு சேர்த்து மூடி ஒட்டுங்கள். சத்தம் எந்த வேகத்தில் கேட்டதோ அதே வேகத்தில், அதே திசையில், அதே சாலையில் ஓட்டுங்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு கண்ணாடி ஓரத்தில்தான். நிற்கவில்லை என்றால் கதவு, பக்கக் கண்ணாடி, கூரைக் கம்பி என்று வேறு இடம் தேட வேண்டும். நின்றால், காரை நிறுத்தி டேப்பை ஒரு பக்கத்திலிருந்து துண்டு துண்டாக உரித்து, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். எந்தத் துண்டை எடுத்ததும் விசில் திரும்புகிறதோ அந்த இடம்தான். ஓட்டுபவர் ஒருவர், காது கொடுப்பவர் ஒருவர் என்று இருவர் போங்கள். தனியாக ஓட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்காதீர்கள், நெடுஞ்சாலை அதற்கான இடம் அல்ல.

பட்டறையில் நாங்கள் செய்வது இன்னும் எளிது. ஜன்னல்களை மூடி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, ஏசியின் புளோயரை முழு வேகத்தில் ஓடவிடுவோம். காருக்குள் காற்றழுத்தம் ஏறும். வெளியே ஓரம் முழுக்க சோப்புத் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்போம். ஆசிரியரின் காரில் புதிய கண்ணாடி பொருத்தும் முன் அவரையே கூப்பிட்டு இதைக் காட்டினேன். வலது மேல் மூலையில் ஒரு குமிழி எழுந்து, பெருத்து, உடைந்தது. அடுத்தது எழுந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விசில் இல்லை, ஆனால் முன்பைவிட மொத்தமாக இரைச்சல் கூடிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அது வேறு. சில கார்களுக்குக் கம்பெனியிலேயே ஒலியடக்கும் கண்ணாடி வருகிறது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் அதில் சத்தத்தை உறிஞ்சும் வகையாக இருக்கும். அதைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கண்ணாடி போட்டால் ஓட்டை எதுவும் இல்லாமலே இரைச்சல் கூடும். எந்த டேப்பும் எந்தப் பசையும் அதற்கு உதவாது. கண்ணாடியை மாற்றக் கொடுக்கும் முன்பே, பழைய கண்ணாடியின் கீழ் மூலையில் இருக்கும் அச்செழுத்துகளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதியது வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பசை தொடர்பாக ஒரு வார்த்தை. "நல்ல வெயில் அண்ணாச்சி, ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், கொடுத்துவிடுங்கள்" என்று அவசரப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பி.யூ. துணி காய்வது போல் காய்வதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகுகிறது. ஈரப்பதமே இல்லாத கத்திரி வெயிலில் வெயில் மட்டும் போதாது. எவ்வளவு நேரம் கழித்து ஓட்டலாம் என்பது பசைக்குப் பசை மாறும். அந்தப் பசையைத் தயாரித்த நிறுவனம் சொல்லும் நேரம்தான் கணக்கு, உங்கள் அவசரமோ என் அவசரமோ அல்ல. டியூபின் மேல் காலாவதித் தேதி இருக்கும். காட்டச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளிக்கும் கடையில் கண்ணாடி மாற்றாதீர்கள்.

முதல் ஒரு நாள் நீங்கள் செய்யும் காரியங்களாலும் விசில் பிறக்கும். இறுகாத பசை வெண்ணெய் போல. எல்லா ஜன்னலும் மூடிய காரில் கதவை ஓங்கி அடைத்தால் உள்ளே இருக்கும் காற்று கண்ணாடியை வெளியே தள்ளும், பசை வரியில் ஒரு துளை விழும். ஆகவே ஒரு ஜன்னலை விரல் அகலம் இறக்கி வையுங்கள், கதவை மெதுவாகச் சாத்துங்கள், குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள். நாங்கள் ஒட்டி அனுப்பும் டேப்பை அழகாக இல்லை என்று வீட்டு வாசலிலேயே உரித்துப்போடாதீர்கள். பீடிங் நகராமல் பிடித்திருப்பதே அதுதான். ஒரு நாள் இருக்கட்டும். இரண்டு நாளைக்கு வாட்டர் வாஷ் வேண்டாம். குண்டும் குழியுமான சாலையில் கோயிலுக்குப் போகும் திட்டம் இருந்தால் மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் சாலையைக் கவனித்து ஓட்டுநருக்கு உதவும் கேமரா உள்ள கார் என்றால், மாற்றியபின் அந்தக் கேமராவின் பார்வை நேராக இருக்கும்படி அளவு திருத்த (காலிபரேஷன்) வேண்டும். செய்தார்களா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

சத்தம் கேட்டால், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பி உட்காராதீர்கள். பசையில் விட்டுப்போன இடம் தானாக மூடிக்கொள்ளாது. அந்த வாரமே மாற்றிய கடைக்கே போங்கள். கடைக்காரரையோ ஃபிட்டரையோ பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். கடை வாசலில் நின்று வாயால் விசில் அடித்துக் காட்டிப் பயனில்லை. பீடிங், கிளிப், ரப்பர் என்றால் அங்கேயே முடிந்துவிடும். பசையில் இடைவெளி என்றால் கண்ணாடியை வெட்டி எடுத்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். அல்லது அந்த இடத்தில் பீடிங்கை எடுத்து, சுத்தம் செய்து, பி.யூ.வே உள்ளே செலுத்த முடியுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி சிறியதாக, துரு ஏறாமல் இருந்தால் நானே சில சமயம் அப்படிச் செய்திருக்கிறேன். எது செய்தாலும், கையில் சிலிகான் டியூபோடு உங்கள் காரை நோக்கி ஒருவர் வந்தால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே பூசிவிட்டார்களா? அடுத்து வேலை செய்பவர் கோபப்படுவார் என்று நினைத்து மறைக்காதீர்கள். எங்கே பூசினார்கள், எத்தனை முறை பூசினார்கள் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மார்க்கரால் கண்ணாடியின் மேலேயே கோடு போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது.