தக்காளிக்கு மூடாக்கு: டெல்டாவில் கணக்கு வேறு

சம்பா அறுவடை முடிந்ததும் கொள்ளிடப் படுகையிலும் ஒரத்தநாட்டுக் கொல்லைகளிலும் தக்காளி நடுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: மல்ச்சிங் ஷீட், அதாவது பாத்தியை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு, போட்டால் லாபமா? காய்ப்பு கூடும் என்று தயங்காமல் சொல்வேன். ஈரம் நிற்கும், களை அடங்கும், வெள்ளிநிறப் பக்கம் மேலே இருந்தால் இளம் செடியில் வெள்ளை ஈயும் குறையும். லாபத்துக்கு மட்டும் பேனாவை எடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு ஏக்கருக்கு, அதாவது மூன்று மாவுக்குப் போட்டுப் பார்ப்போம். 5 அடி இடைவெளியில் பாத்தி என்றால் சுமார் 2,650 மீட்டர் ஷீட் வேண்டும். 400 மீட்டர் சுருளில் 7. சுருள் 2,000 ரூபாய், விரித்து ஓட்டை போட 3,000 என்று வைத்தால் 17,000 ரூபாய். மிச்சமாவது களைக்கூலி: மூன்று களை, களைக்கு 12 பேர், 350 ரூபாய் வீதம் 12,600. மீதி 4,400 ரூபாயைக் கூடுதல் காய்தான் கொடுக்க வேண்டும். பறிப்பு, வாடகை, கமிஷன் போகக் கிலோவுக்கு 8 ரூபாய் நின்றால் 550 கிலோ போதும்; 2 ரூபாய்தான் நின்றால் 2,200 கிலோ. சொட்டுநீர் ஏற்கெனவே இருப்பவருக்கான கணக்கு இது. இல்லாதவர் அதையும் சேர்க்க வேண்டும். மானியம் உண்டு, ஆனால் அது வந்து சேரும்வரை வட்டி உங்கள் தலையில்.

விலையை யார் சொல்ல முடியும்? 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது, செப்டம்பருக்குள் சரிந்துவிட்டது. களைக்கூலி கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் காசு. விலை விழுந்தால் மூன்றாம் களையை விட்டுவிடலாம். ஷீட்டுக் காசோ நாற்று நடும் முன்பே போய்விடுகிறது.

இன்னொன்று, கிருஷ்ணகிரி, தருமபுரி மேட்டு நிலங்களில் தக்காளி முடிந்ததும் அதே ஷீட்டில் வெள்ளரியோ பீர்க்கனோ ஏற்றிவிடலாம். செலவு இரண்டு பயிருக்குப் பிரியும். நமக்கு ஜூன் 12 மேட்டூர் திறந்தால் நிலம் குறுவை நெல்லுக்குப் போக வேண்டும். மாசியில் நட்ட தக்காளியோடு ஷீட்டின் ஆயுளும் முடிகிறது. ஓசூர்க்காரர் சொல்லும் லாபத்தை அப்படியே இங்கே எழுதிக்கொள்ளாதீர்கள்.

ஷீட்டுக்குப் பதில் வைக்கோலைப் பரப்பலாம், அது சும்மா கிடைக்கிறதே என்பார்கள். சும்மா இல்லை. ஏக்கருக்கு 2 டன் வேண்டும். ஏறக்குறைய ஒரு ஏக்கர் நெல்லின் வைக்கோல் முழுவதும். இயந்திரம் சுற்றிய கட்டு 15 முதல் 20 கிலோ, ஆக நூறு கட்டுக்கு மேல். கட்டு 100 ரூபாய் என்றாலே பத்தாயிரம். களையில் பாதிதான் மிச்சமாகும். ஆனாலும் மாசி நடவுக்கு என் ஓட்டு வைக்கோலுக்கே. கத்திரி வெயிலில் மண் குளிர்ந்து இருக்கும், வாய்க்கால் பாசனத்துக்கும் ஒத்துவரும். மக்கினால் அதிலுள்ள சாம்பல் சத்து மட்டும் ஏறக்குறைய ஒரு மூட்டை பொட்டாஷ் அளவு. அது அடுத்த நெல்லுக்கு. அறுவடை நேரத்திலேயே வாங்கிப் போர் போட்டுவிடுங்கள், கோடையில் விலை ஏறும். எலியும் கரையானும் வரும், உதிர்ந்த நெல் முளைக்கும், பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே பரப்புங்கள், மக்காத வைக்கோலை மண்ணோடு கலந்தால் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் களிமண்ணில் இதே வைக்கோல் வேரை அழுகவைக்கும், அப்போது வேண்டாம்.

கோரைக் களை மண்டிய நிலத்தில் இரண்டுமே தோற்கும். அது வைக்கோலை ஊடுருவும், பிளாஸ்டிக்கையும் குத்திக்கொண்டு வரும். முதலில் கிழங்கைக் குறைத்தாக வேண்டும்.

ஷீட்தான் என்று முடிவெடுத்தவர்கள் எடுக்கும் கூலியையும் எழுதிவையுங்கள். மெலிந்த மலிவு ஷீட் வெயிலில் நொறுங்கும். உரிக்க முடியாது, பொறுக்கத்தான் வேண்டும். பொறுக்காமல் சேறடித்தால் துண்டுகள் டிராக்டரின் கேஜ் வீலில் (சேற்றில் ஓட்டும் இரும்புச் சக்கரம்) சுற்றும், மிச்சம் சேற்றில் புதையும். வரப்பில் போட்டுக் கொளுத்துவது அதைவிட மோசம். 30 மைக்ரான் கனமுள்ள ஷீட்டாக வாங்கி, கடைசிப் பறிப்பு முடிந்த வாரமே சுருட்டிப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். மண் ஒட்டியிருந்தால் எடுக்க மாட்டார்கள், உதறிச் சுருட்டுங்கள்.