கன்சல்டன்ட்கிட்ட எத மறைக்கக்கூடாது, எத கேக்காம விடக்கூடாது

ரெக்ரூட்மென்ட் கன்சல்டன்ட் வேலையில இருக்கறவன்ங்கற முறையில முதல்ல ஒன்ன உடைச்சு சொல்லிடறேன், எனக்கு காசு குடுக்கறது நீங்க இல்ல, ஆள் எடுக்கற கம்பெனி. நீங்க வேலைக்கு சேர்ந்தா உங்க ஒரு மாச சம்பளம், சில சமயம் மூணு மாச சம்பளம் அளவுக்குக் கூட கம்பெனி எங்களுக்கு ஃபீஸா தரும், சேர்ந்த கொஞ்ச மாசத்துலயே நீங்க கிளம்பிட்டா பல காண்ட்ராக்ட்ல நாங்க வேற ஆள் குடுக்கணும், இல்லன்னா வாங்கின காச திருப்பித் தரணும். அதனால "எனக்கு ஒரு வேலை பாத்துக் குடுங்க சார்"னு சொல்லிட்டு காத்திருந்தா போன் வராது. கையில இருக்கற வேகன்சிக்கு ஆள் தேடறதுதான் என் வேலை, ஆளுக்கு வேலை தேடறது இல்ல.

இதுல இன்னொன்னும் இருக்கு. ரிஜிஸ்ட்ரேஷன், ட்ரெய்னிங், டாக்குமென்ட் செக்கிங்னு உங்ககிட்ட பணம் கேட்டா அங்கயே நிறுத்திடுங்க. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1997ல கொண்டு வந்த 181ஆம் நம்பர் ஒப்பந்தத்துலயே வேலை தேடறவங்ககிட்ட ஏஜென்சி ஃபீஸ் வாங்கக்கூடாதுங்கறதுதான் பொது விதி, விதிவிலக்கு ரொம்ப கம்மி.

சரி, நான் அடிக்கடி பாக்கற கூத்துக்கு வரேன். ஒரே கம்பெனிக்கு ரெண்டு ஏஜென்சி வழியா சிவி அனுப்பறது. கேட்டா "ரெண்டு பக்கமும் போனா சான்ஸ் ஜாஸ்திதான சார்"னு சொல்றாங்க. நடக்கறது என்னன்னா, கம்பெனியோட சாஃப்ட்வேர்ல உங்க மெயில் ஐடியும் போன் நம்பரும் ஏற்கனவே இருக்குன்னு டூப்ளிகேட்னு காட்டும், ஃபீஸ் யாருக்குன்னு ரெண்டு ஏஜென்சியும் மல்லுக்கு நிக்கும், எச்ஆருக்கு எதுக்கு இந்த தலைவலின்னு உங்கள விட்டுட்டு அடுத்த சிவிய ஓப்பன் பண்ணிடுவாங்க. உங்க திறமைய யாரும் பாக்கவே இல்ல. நீங்க நேரா அப்ளை பண்ணியிருந்தாலும் இதே கததான், பல கம்பெனில முதல்ல எந்த வழியா சிவி வந்துச்சோ அந்த வழிக்குத்தான் ஆறு மாசம், ஒரு வருஷம்னு உரிமை ஓடும். அதனால எங்கெங்க அப்ளை பண்ணீங்கன்னு ஒரு ஷீட்ல கம்பெனி பேரு, தேதி, யார் மூலமான்னு எழுதி வைங்க, "என்கிட்ட கேக்காம எங்கயும் சிவி அனுப்பாதீங்க"ன்னு கன்சல்டன்ட்டுக்கு மெயில்லயே போட்டுடுங்க. நல்ல கன்சல்டன்ட் இதுக்கு கோச்சிக்க மாட்டாரு, கோச்சிக்கிட்டா ஆள மாத்துங்க.

சம்பளம், நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா குடுத்தப்புறம் பழைய கம்பெனில வேலை பாக்க வேண்டிய நாள்) ரெண்டுலயும் உண்மைய சொல்லுங்க. 90 நாள் நோட்டீஸ 30னு சொல்லிட்டு பேசிக்கலாம்னு விட்டா ஆஃபர் வர்ற நேரத்துல அது வெடிக்கும், பே ஸ்லிப் கேக்கறப்ப சம்பளமும் அப்படித்தான். வேற எங்கயாவது கடைசி ரவுண்ட்ல இருந்தாலும் சொல்லுங்க, அத வச்சுத்தான் நான் கம்பெனிய "சீக்கிரம் முடிவு சொல்லுங்க, ஆள் போயிடுவாரு"ன்னு நெருக்க முடியும்.

பதிலுக்கு நீங்களும் கன்சல்டன்ட்கிட்ட இதெல்லாம் கேளுங்க. இந்த வேகன்சி எத்தன மாசமா ஓப்பனா இருக்கு, முன்னாடி இருந்தவர் ஏன் போனாரு, உங்களுக்கு மட்டும் குடுத்திருக்காங்களா இல்ல அஞ்சாறு ஏஜென்சி ஓடுதா, மேனேஜர்கிட்ட நீங்களே பேசினீங்களா. கடைசி கேள்விக்கு இழுத்தாருன்னா அவர் கையில வெறும் ஜேடி, அதாவது என்ன வேலைன்னு கம்பெனி எழுதிக் குடுத்த பேப்பர், மட்டும்தான் இருக்குன்னு அர்த்தம், இன்டர்வியூவுக்கு அவர் சொல்ற டிப்ஸ ரொம்ப நம்பாதீங்க.

இன்டர்வியூக்கு அப்புறம் போன எடுக்கறதில்லன்னு எங்க மேல ஒரு கம்ப்ளைன்ட் இருக்கு, நியாயமான கம்ப்ளைன்ட்தான். பாதி நேரம் கம்பெனி எங்களுக்கே பதில் சொல்லல, மீதி நேரம் சோம்பேறித்தனம். தினமும் கூப்பிடாதீங்க, வாரத்துக்கு ஒரு மெசேஜ், "ஃபீட்பேக் வந்துச்சா, இல்லன்னா எப்ப கேக்கலாம்"னு தேதியோட கேளுங்க.

அப்புறம் ஆஃபர வாங்கிட்டு பழைய கம்பெனி சம்பளம் ஏத்தித் தரேன்னு சொன்னதும் அங்கயே இருந்துக்கலாம்னு தோணினா அது உங்க இஷ்டம், அதுல தப்பே இல்ல. ஆனா சேர வேண்டிய அன்னிக்கு காலைல போன சுவிட்ச் ஆஃப் பண்ணாதீங்க. எங்க டேட்டாபேஸ்ல உங்க பேருக்கு நேரா ஒரு நோட் விழும், நான் வேலைய விட்டுப் போனாலும் அடுத்து வர்றவரு அதத்தான் முதல்ல படிப்பாரு. ஒரு வாரம் முன்னாடி கூப்பிட்டு சொல்லிட்டா போதும், ரெண்டாவதா வச்சிருந்த ஆள கூப்பிட்டுக்குவோம்.