வீணாகக் கலக்கவில்லை

தாமிரபரணியில் வெள்ளம் வந்தாலே ‘தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது’ என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. தண்ணீரோடு வேறு என்ன போகிறது என்று யாரும் கேட்பதில்லை. மன்னார் வளைகுடாவின் அடித்தரைக்கு வேண்டிய மண்ணில் ஒரு பங்கு அந்த வெள்ளத்தில்தான் போகிறது.

ஆறு பிறக்கும் பொதிகை மலையின் பாறைகளை மழையும் வெயிலும் சிதைக்கின்றன. அவற்றிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் மணலாக உதிர்கிறது. ஃபெல்ஸ்பார் என்ற இன்னொரு கனிமம் களிமண்ணாக மாறுகிறது. ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் முகத்துவாரத்தில் ஆற்றின் வேகம் தளர்ந்ததும் பருமணல் முதலில் படிந்துவிடும். களிமண் துகளோ 0.004 மில்லிமீட்டருக்கும் சிறியது. அதன் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் இருப்பதால், நன்னீரில் துகள்கள் ஒன்றையொன்று விலக்கியபடி மிதக்கின்றன. உப்புநீர் பட்டதும் அந்த விலக்கம் தணிகிறது; துகள்கள் திரண்டு, கனத்து, கீழே இறங்கிச் சேறாகின்றன. பாண்டியரின் துறைமுகமாயிருந்த கொற்கை இன்று கடலைவிட்டு சில கிலோமீட்டர் உள்ளே கிடப்பதில் இந்த வண்டலுக்குப் பெரும் பங்குண்டு.

ஆறு கொடுப்பது ஒரு பகுதிதான். தூத்துக்குடிக்கு வடக்கே தீவுகளைச் சுற்றிப் பவளம், சிப்பி, சங்கு ஆகியவற்றின் உடைசல்களே மணலாகக் கிடக்கின்றன. அதில் ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். சுண்ணாம்புச் சத்து அப்படி. ஆற்று மணல் நுரைக்காது. குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் மேட்டுப் பக்கம் ஆடிக்காற்றும் தன் பங்குக்குச் செம்மணலைக் கரைநோக்கித் தள்ளுகிறது.

உவரிக் கரையில் மணல் கருப்பும் சிவப்புமாக வரிவரியாகக் கிடக்கும். முறத்தில் புடைத்தால் பதர் பறந்து மணி தங்குவதுபோல, திரும்பும் அலை இலேசான குவார்ட்ஸை இழுத்துப்போக, கனமான கனிமங்களான கருப்பு இல்மனைட்டும் சிவப்புக் கார்னெட்டும் தங்கிவிடுகின்றன. குவார்ட்ஸ் தண்ணீரைப்போல் 2.65 மடங்கு கனம், இல்மனைட் ஏறக்குறைய 4.7 மடங்கு. கருமணலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், சில துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும்.

பாபநாசம் அணைக்குக் கீழே ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள் இருக்கின்றன. பாசனத்துக்கு அவை வேண்டும்தான். ஆனால் மணலில் ஒரு பகுதி அவற்றின் பின்னாலேயே தங்கிவிடுகிறது. மிஞ்சியதில் லாரிகளில் போனதும் உண்டு. கரையோர நீரோட்டம் இதற்காகக் காத்திருப்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் வடக்கேயும் வாடைக்காற்றில் தெற்கேயும் மணலை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. ஆற்றிலிருந்து வரவு குறைந்தால், தனக்கு வேண்டியதை மீனவர்கள் வள்ளம் ஏற்றிவைக்கும் கரையிலிருந்தே அரித்துக்கொள்கிறது.