முதலில் தொடுவது சர்க்கரை

சர்க்கரை என்றதும் நமக்கு ஆற்றல்தான் நினைவுக்கு வரும். உடம்பில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு: செல்கள் ஒன்றையொன்று அடையாளம் காண உதவுவது, விந்தணுவும் முட்டையும் சேர்வது உட்பட. எனக்கு அதுதான் பெரிய வியப்பு. நம் செல்களின் மேற்பரப்பில் சர்க்கரைச் சங்கிலிகள் புல் முளைத்ததுபோல் அடர்ந்து நிற்கின்றன. சவ்வில் பதிந்த புரதங்களிலும் கொழுப்புகளிலும் அவை வேரூன்றியிருக்கின்றன. வெளியிலிருந்து எது நெருங்கினாலும் இந்தப் புல்வெளியைத்தான் முதலில் தொட வேண்டும். ஏ, பி இரத்த வகைகளின் வேறுபாடுகூட ஒரு சங்கிலியின் நுனியில் எந்தச் சர்க்கரை உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

அடையாளம் காட்ட ஏன் சர்க்கரை? புரதங்களின் கட்டுக்கற்களான அமினோ அமிலங்களில் மூன்று வெவ்வேறானவற்றை வரிசையாகக் கோத்தால் 6 விதங்களே கிடைக்கும். மூன்று வெவ்வேறு சர்க்கரைகளைக் கோத்தால் ஆயிரத்துக்கும் மேல். ஒரு சர்க்கரையின் பல முனைகளில் எதில் வேண்டுமானாலும் அடுத்ததை இணைக்கலாம்; இணைப்பு மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ அமையலாம்; கிளையும் விடலாம்.

இந்த வடிவங்களை இனம்கண்டு பிடிக்கும் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். ஒரு லெக்டின் ஒரு சர்க்கரையைப் பிடிக்கும் பிடி மிகவும் தளர்வானது. அந்தத் தளர்ச்சியில்தான் சூட்சுமம் இருக்கிறது. நூறு பிடிகள் சேர்ந்தால் செல் நிற்கும், சில விட்டுப்போனால் நகரும். தொற்று ஏற்பட்ட இடத்தில் இரத்தக் குழாயின் உள்சுவரில் செலக்டின் என்ற லெக்டின்கள் தலைகாட்டுகின்றன. ஓட்டத்தோடு விரையும் வெள்ளையணுவின் மேல் சியாலில் லூயிஸ் எக்ஸ் என்ற நான்கு சர்க்கரைக் கொத்து இருக்கிறது. செலக்டின்கள் அதைப் பிடித்துப் பிடித்து விட, வெள்ளையணு வேகம் குறைந்து சுவரோடு உருளும். அப்புறம்தான் இன்டெக்ரின் புரதங்கள் அதை இறுக்கிப் பிடிக்கும். அந்தக் கொத்தில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையைச் சேர்க்க முடியாத அரிய பிறவிக் குறைபாடு ஒன்று உண்டு. அது உள்ளவர்களுக்கு இரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஏராளமாக இருந்தும் சுவரில் தங்க முடியாததால் தொற்று திரும்பத் திரும்ப வரும்.

சரி, விந்தணுவுக்கு வருவோம். கடல் முள்ளெலி தன் முட்டைகளைத் திறந்த கடலில் விடுகிறது. பல இன விந்தணுக்கள் கலந்த நீரில் தன்னினத்தை எப்படி அறிவது? முட்டையைச் சுற்றியுள்ள கூழில் சல்பேட் ஏறிய நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. சல்பேட் எங்கே அமர்ந்திருக்கிறது, சர்க்கரைகள் எந்த முனையில் இணைந்திருக்கின்றன என்பது இனத்துக்கு இனம் மாறுகிறது. சரியான சங்கிலி பட்டால்தான் விந்தணுவின் தலையிலுள்ள அக்ரோசோம் பை திறக்கும். உள்ளிருந்து வெளிப்படும் பைண்டின் என்ற புரதம் முட்டையோடு ஒட்டும்.

பாலூட்டிகளில் சர்க்கரையின் பிடி முட்டையைச் சேர்வதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கருக்குழாயின் சுவரில் விந்தணுக்கள் ஒட்டிக் காத்திருக்கும். பசுவில் அந்தப் பிடி ஃபியூகோஸில், வெள்ளெலியில் (ஹாம்ஸ்டர்) சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையில். ஒட்டியிருக்கும் வரை விந்தணுவின் ஆயுளும் நீள்கிறது. முட்டை வெளிவரும் நேரத்தை ஒட்டி, வாலைப் பலமாக அடித்துக்கொண்டு விடுபடுகின்றன.

முட்டையைச் சுற்றியுள்ள சோனா பெலூசிடா என்ற உறைதான் நீண்ட விவாதத்துக்கு உரியது. 1980இல் பிளைல், வாசர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் எலியின் உறையிலுள்ள இசட்பி3 என்ற புரதத்தில்தான் விந்தணு ஒட்டுகிறது என்று காட்டினார்கள். அதன் சர்க்கரைகளை நீக்கியதும் ஒட்டும் திறன் போனது. பல ஆண்டுகள் இதுவே பாடம். பிறகு, முக்கியம் என்று கருதப்பட்ட சர்க்கரைகளை உருவாக்க முடியாதபடி மரபணு மாற்றிய எலிகளும் குட்டி போட்டன. கவனம் அதே உறையிலுள்ள இசட்பி2 என்ற இன்னொரு புரதத்தின் முனைப் பகுதிக்கு நகர்ந்தது. ஒரு விந்தணு நுழைந்ததும் முட்டை வெளியிடும் ஓவாஸ்டாசின் என்ற நொதி அந்தப் புரதத்தை வெட்டிவிடுகிறது. அதன்பின் வரும் விந்தணுக்களுக்கு ஒட்ட இடமில்லை. ஆனால் சர்க்கரையை ஒதுக்கிவிடவும் முடியாது. 2011இல் மனித முட்டையின் உறையில் சியாலில் லூயிஸ் எக்ஸ் நிறைந்திருப்பதும், விந்தணு ஒட்டுவதில் அதற்குப் பங்கு இருப்பதும் தெரியவந்தன. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்துவது சரியல்ல என்றே நான் நினைக்கிறேன்.

உறையைக் கடந்த பிறகு, முட்டையின் சவ்வை விந்தணு பற்றுவது புரதங்களின் வேலை. விந்தணுவில் இசுமோ1, முட்டையில் ஜூனோ. முதலாவது 2005இல் கண்டறியப்பட்டு, திருமண பந்தத்துக்குப் பெயர்பெற்ற ஜப்பானியக் கோவிலின் பெயரைப் பெற்றது. இரண்டாவது 2014இல் கண்டறியப்பட்டு, ரோமானியரின் திருமணத் தெய்வத்தின் பெயரைப் பெற்றது.

சில நாட்கள் கழித்து, உறையை விட்டு வெளிவரும் கரு கருப்பைச் சுவரில் தங்க இடம் தேடும். அதன் வெளி அடுக்குச் செல்களில் செலக்டின்களில் ஒரு வகையான எல்-செலக்டின் இருக்கிறது என்று 2003இல் கண்டார்கள். வெள்ளையணுக்கள் தங்கள் மேல் வைத்துக்கொண்டு இரத்தக் குழாயில் உருளும்போது பயன்படுத்தும் அதே லெக்டின். அது பற்றுவதற்கான சர்க்கரைகள், கரு பதியும் நாட்களில் கருப்பைச் சுவரில் கூடுகின்றன.