டேபிளில் ஓடின சர்க்யூட் காரில் ஏன் புகைகிறது?

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்துக் காலேஜ் தம்பிகள் அலாரம் சிக்னலில் கார் கதவு லாக்கை இயக்கும் சர்க்யூட்டைச் சொந்தமாகக் கட்டி அப்பா காரில் மாட்ட நினைப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் மறுபடியும் ஒரு வண்டி வந்து நிற்கிறது. டிரைவர் கதவுக்குள் சென்ட்ரல் லாக் மோட்டார் கருகிப் போயிருக்கிறது, டேஷ்போர்டுக்கு அடியில் நேரம் கணக்கிடும் 555 டைமர் ஐசி வெடித்திருக்கிறது. கேட்டால் வழக்கமான பதில்தான்: “வீட்ல 12 வோல்ட் அடாப்டர்ல நல்லா ஓடிச்சு அண்ணா. காரும் 12 வோல்ட்தானே?”

இல்லை தம்பி. பேட்டரி மேல் அச்சடித்திருப்பது ஒரு பெயர், அவ்வளவுதான். நிற்கிற வண்டியில் முழு சார்ஜ் பேட்டரி 12.6 காட்டும். இன்ஜின் ஓடினால் ஆல்டர்னேட்டர் அதை 14, 14.5 வரை ஏற்றும். செல்ஃப் அடிக்கும்போது 10க்கும் கீழே சரியலாம். இதெல்லாம் மீட்டரில் தெரிகிற சங்கதி. தெரியாததுதான் ஐசியைக் கொல்கிறது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, ஆற்காடு ரோட்டுப் பள்ளம் ஒன்றில் குலுங்கி லூஸ் டெர்மினல் விட்டுப்போனால் லைனில் 80, 100 வோல்ட் வரை எகிறலாம். உள்ளேயே தடுப்பு வைத்த ஆல்டர்னேட்டரிலும் 35 வரை போகும். அரை நொடிகூட நிற்காது, சாதாரண மல்டிமீட்டர் பிடிக்காது. அந்த 555 ஐசிக்கு (என்இ555) வேலை வோல்டேஜ் 16தான், 18ஐத் தாண்டினால் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. அடாப்டரில் நாள் முழுக்க ஓடியது என்பதை என்னிடம் சாட்சியாகச் சொல்லாதீர்கள்.

பிளஸ் லைனில் முதலில் 1 ஆம்பியர் ஃப்யூஸ், அடுத்து 1என்4007 டயோடு, அங்கிருந்து எர்த்துக்கு எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் 24 வோல்ட் டிவிஎஸ் டயோடு போடுங்கள். மோட்டாருக்குக் கரண்டை விடும் சுவிட்சான ரிலேவுக்கு இங்கேயே சப்ளை எடுத்துக்கொள்ளலாம். ஐசிக்கு மட்டும் 100 ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்து, அதற்குப் பின்னால் 15 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாத சீனர் டயோடும் 100 மைக்ரோ கப்பாசிட்டரும் எர்த்துக்கு. பார்ட்ஸ் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்கு ரயிலேறிப் போகிறவர்கள் இதையும் வாங்கி வந்தால் என்ன? பெரிய காசே ஆகாது. கப்பாசிட்டர் 105 டிகிரி போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், மே மாத வேலூரில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, பல்ஸுக்கு, அதாவது 555 ரிலே வழியாக மோட்டாருக்கு விடுகிற குட்டிக் கரண்டுக்கு வருவோம். லாக் மோட்டாருக்கு அரை நொடி கரண்ட் போதும். 1.1 பெருக்கல் ரெசிஸ்டர் பெருக்கல் கப்பாசிட்டர் என்ற கணக்கில் 47 கிலோ ஓமும் 10 மைக்ரோவும் அதைத் தரும். இதுவரை எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். ஆனால் சிக்னல் வாங்கும் 2ஆம் பின் (ட்ரிக்கர்) எர்த்திலேயே பிடித்துக் கிடந்தால், நேரம் முடிந்தும் 555இன் அவுட்புட் இறங்காது. அலாரத்திலிருந்து வரும் நெகட்டிவ் சிக்னல் நீளமாக நின்றால் ரிலேயும் அப்படியே பிடித்து நிற்கும். லாக் ராடு கடைசிவரை போய் முட்டிவிட்டது, மோட்டார் சுற்ற இடமில்லை, கரண்ட் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. கருகாமல் என்ன செய்யும்? சிக்னலை 0.1 மைக்ரோ கப்பாசிட்டர் வழியாக 2ஆம் பின்னுக்குக் கொடுங்கள். அந்தக் கப்பாசிட்டரின் இரண்டு பக்கமும் ஐசி சப்ளைக்கு 10 கிலோ ஓம். 2ஆம் பின்னிலிருந்து அதே சப்ளைக்கு ஒரு 1என்4148 டயோடு, அதன் மேல் இருக்கும் கோடு சப்ளைப் பக்கம். பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்து பாருங்கள், ரிலே தானாக விட வேண்டும். விட்டால்தான் அது பல்ஸ்.

பிசி547 டிரான்சிஸ்டரை வைத்துக் கார் ரிலேயை இழுக்காதீர்கள். அது தாங்குவது 100 மில்லி ஆம்பியர், ரிலே காயில் கேட்பது 150 பக்கம். பிசி337 போடுங்கள். காயிலுக்குக் குறுக்கே டயோடு கட்டாயம், கோடு பிளஸ் பக்கம். மோட்டார் கரண்ட் உங்கள் போர்டு வழியாக வரக்கூடாது, அதற்குத் தனி ஒயர், பேட்டரி பக்கத்திலேயே தனி ஃப்யூஸ்.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பிளஸ் எங்கே, எர்த் எங்கே என்று தேடும்போது ஸ்டியரிங் பக்கத்து மஞ்சள் கனெக்டரில் டெஸ்ட் லேம்பையோ மீட்டரையோ வைக்காதீர்கள். அது ஏர்பேக் லைன். தவறான கரண்ட் போனால் பை முகத்துக்கு நேராக வெடித்துத் திறக்கும்.