பில்ஸ்னர்: ஊர்ப்பெயர் பீரின் பெயரான கதை

பில்ஸ்னர் என்ற சொல்லுக்குள் இருப்பது ஓர் ஊர். செக் நாட்டின் மேற்கே, பொஹீமியாவில் பிள்சென் என்றொரு நகரம் இருக்கிறது. ஜெர்மன்காரர்கள் அதைப் பில்சன் என்பார்கள். அவர்கள் மொழியில் ஊர்ப்பெயரோடு 'அர்' என்ற விகுதி சேர்ந்தால் 'அந்த ஊரைச் சேர்ந்த' என்று பொருள். ஹாம்பர்கர், பட்வைசர் எல்லாம் இதே வழியில் பிறந்த பெயர்கள்தான். நாம் மணப்பாறை முறுக்கு என்று சொல்வதைப் போல, அவர்கள் பில்சன் பீர் என்றார்கள். பிறகு 'பீர்' உதிர்ந்துபோய் ஊர் மட்டும் நின்றது. ஜெர்மனியில் அதையும் சுருக்கி 'பில்ஸ்' என்கிறார்கள்.

ஊர் எப்படிப் புகழ்பெற்றது என்பது நல்ல கதை. 1838-இல் பிள்சென் மக்கள் தங்கள் ஊர் பீர் கெட்டுப்போய்விட்டதென்று 36 பீப்பாய்களை நகர மன்றத்தின் முன் கொட்டிக் கவிழ்த்தார்கள். அதோடு விடவில்லை. காய்ச்சும் உரிமை வைத்திருந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து பொதுவாக ஒரு புதிய ஆலையைக் கட்டி, ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து யோசஃப் க்ரோல் என்ற காய்ச்சுநரை அழைத்து வந்தார்கள். 1842 அக்டோபர் 5 அன்று அவர் முதல் காய்ச்சலைத் தொடங்கினார். அதுவரை அந்தப் பக்கத்து பீர் பெரும்பாலும் பழுப்பாகவோ கலங்கலாகவோதான் இருக்கும். க்ரோலின் பீர் பொன்னிறமாக, அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது.

அதற்கு நான்கு காரணங்கள் ஒன்றுகூடின. தானியத்தில் நேரடிப் புகை படாமல் வெப்பக் காற்றில் உலர்த்தும் ஆங்கிலேய முறையால் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம், வெளிறிய நிறத்தில் கிடைத்தது. ஜாடெக் வட்டாரத்து ஹாப்ஸ் பூ மூலிகை மணமும் மென்மையான கசப்பும் தந்தது. ஜாடெக்கின் ஹாப்ஸ் வயல்களும் கிட்டங்கிகளும் 2023-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன. பிள்சென் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு. கடின நீரில் காய்ச்சினால் ஹாப்ஸின் கசப்பு முரட்டுத்தனமாக நாக்கைப் பிடிக்கும். இந்த மென்னீரில் அது பக்குவமாக இறங்கியது. நான்காவது, குளிரில் மெல்ல வேலை செய்து அடியில் படியும் பவேரிய ஈஸ்ட்.

பெயர் பரவியதும் சண்டையும் வந்தது. எல்லா ஊர்க்காரர்களும் தங்கள் பீரைப் பில்ஸ்னர் என்று விற்கத் தொடங்கினார்கள். அதனால் மூல ஆலை 1898-இல் 'பில்ஸ்னர் ஊர்க்வெல்' என்ற பெயரைப் பதிவு செய்துகொண்டது. ஊர்க்வெல் என்றால் ஊற்றுக்கண், மூலம். செக் மொழியில் 'பிராஸ்த்ரோய்', அதே பொருள்தான். இன்று உலகம் முழுவதும் பில்ஸ்னர் என்பது ஒரு வகையின் பெயர். செக் நாட்டில் மட்டும் வழக்கு வேறு: பிள்சென் ஆலையின் பீரைத்தான் அந்த ஊர்ப்பெயரால் கேட்பார்கள், மற்றவை 'லெஷாக்'.

இந்த லெஷாக்கில்தான் நமக்கு விஷயம் இருக்கிறது. 'படுத்துக் கிடத்தல்' என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. ஜெர்மன் 'லாகர்' என்பதும் சேமித்து வைத்தல் என்ற பொருளில் பிறந்ததே. நிலவறைக் குளிரில் வாரக்கணக்கில் கிடந்து தெளியும் பீர் லாகர். பில்ஸ்னர் அதன் ஒரு பிள்ளை. சரி, தமிழில் இதற்கு என்ன சொல்வது?

பீர் என்ற பொதுப் பொருளுக்கு 'தோப்பி' என்ற சொல்லைச் சிலர் எடுத்தாள்கிறார்கள். பொருத்தமானதுதான். பெரும்பாணாற்றுப்படை 'இல்லடு கள்ளின் தோப்பி' என்கிறது. வீட்டில் நெல்லால் சமைத்த கள் என்று உரை. தானியத்திலிருந்து வந்தது என்பதால் பனங்கள்ளைவிட இது பீருக்கு நெருக்கம். ஆனால் லாகருக்கு இதைவிட அழகான சொல் புறநானூற்றில் இருக்கிறது. 392-ஆம் பாட்டில் ஔவையார் 'தேட்கடுப் பன்ன நாட்படு தேறல்' என்கிறார். தேறல் என்றால் தெளிந்த கள். நாட்படு என்றால் நாள் பல கடந்து முதிர்ந்தது. கிடந்து முதிர்வதும் தெளிவதும், லாகரின் இரண்டு குணங்களும் இரண்டே சொல்லில் அடங்கிவிட்டன. தேள் கொட்டியது போன்ற கடுப்பு மட்டும் 4.4 சதவீத ஆல்கஹால் உள்ள பில்ஸ்னர் ஊர்க்வெல்லுக்குப் பொருந்தாது.

ஆகவே என் முடிவு இது. லாகரை நாட்படு தேறல் எனலாம். பில்ஸ்னரைப் பில்ஸ்னர் என்றே விடவேண்டும். ஊர்ப்பெயரை மொழிபெயர்த்தால் ஊர் காணாமல் போய்விடும். மால்ட்டுக்கு முளைமாவு போதும், கேழ்வரகில் ஏற்கெனவே சொல்கிறோம். 'கிராஃப்ட் பீர்' என்பதைக் 'கைவினை பீர்' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே யாரும் கையால் பின்னுவதில்லை. பெரிய நிறுவனங்களின் பிடியில் இல்லாத சிறிய ஆலை என்பதே அதன் உயிர். 'சிற்றாலை பீர்' என்றால் விஷயம் நேராகப் புரிகிறது.

நண்பர்களோடு உட்கார்ந்து சிற்றாலை பில்ஸ்னர் ஒன்றைச் சுவைத்து மதிப்பெண் போடும்போது இந்தச் சொற்களின் அருமை தெரியும். ஆங்கிலச் சுவைக்குறிப்புகளைக் கடன் வாங்கவே வேண்டியதில்லை. முதலில் கண். கோப்பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் இருப்பவர் முகம் தெரியவேண்டும், அதுதான் தேறல். மேலே இரண்டு மூன்று விரற்கடை நுரை நிற்கவேண்டும். செக் நாட்டுக்காரர்கள் நுரையைக் குறையாக நினைப்பதில்லை, காற்றுப் படாமல் பீரைக் காக்கும் மூடி அது. குடிக்கக் குடிக்க அந்த நுரை கண்ணாடியில் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டே இறங்கினால் நல்ல அடையாளம்.

அப்புறம் மூக்கு. ரொட்டி ஓடு, புல், மூலிகை வாசம் வந்தால் சரி. வேகவைத்த மக்காச்சோள வாசம் அடித்தால் முளைமாவில் உள்ள ஒரு கந்தகப் பொருள் கொதியில் போதுமான அளவு வெளியேறவில்லை என்று பொருள். முடைநாற்றம் வந்தால் வெயில் பட்ட பாட்டில். ஹாப்ஸ் பொருள்கள் ஒளியில் சிதைந்து அப்படி நாறும், அதனால்தான் பழுப்புப் பாட்டில். வெண்ணெய் வாசத்தில்தான் எங்கள் வட்டத்தில் எப்போதும் வாக்குவாதம் மூளும். ஜெர்மன் பில்ஸில் அது குற்றம். செக் வகையிலோ லேசாக இருந்தால் ஏற்பார்கள். எந்த மரபில் காய்ச்சியது என்று கேட்டுவிட்டுத்தான் மதிப்பெண்ணைக் குறைக்கவேண்டும்.

கடைசியாக நாக்கு. இங்கே தமிழ் நமக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறது. ஹாப்ஸ் தருவது கைப்பு. அதோடு தொண்டையை இறுக்கும் உணர்வு வந்தால் அது துவர்ப்பு, தானிய உமியிலிருந்து வந்த குறை. இரண்டையும் 'கசப்பு' என்று ஒரே கட்டத்தில் போட்டுவிட்டால் காய்ச்சியவருக்கு எந்தப் பயனும் இல்லை. பீர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்கத் திட்டம் ஒன்று 50 மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கிறது: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த நிறைவுக்கு 10. நாங்களும் இதைத்தான் பின்பற்றுகிறோம், ஒரு விதியோடு: எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. ஒருவர் 'வெண்ணெய்' என்று சொல்லிவிட்டால் போதும், மற்றவர்கள் மூக்குக்கும் வெண்ணெய் வந்துவிடும்.